பரிசத்தட்டில் ஏற்றுமதி ரகம்

அந்தப் பையை இப்படிக் கொடுங்க சார், என் மடியில வச்சுக்கிறேன். நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. திண்டுக்கல் வரைக்குமா? நானும் திண்டுக்கல்தான். இந்தக் கண்டக்டர் பய ரெண்டு தடவ கேக்குறான், "திண்டுக்கல்லா, பெரியகுளமா?"ன்னு. திண்டுக்கல்னுதான் சொன்னேன். அவனுக்கும் சேதி தெரிஞ்சிருக்கு பாருங்க. சின்னமனூர்ல யாருக்குத்தான் தெரியாது? இன்னைக்குப் பெரியகுளத்துல என் மகனுக்குக் கல்யாணம். ஒரே மகன். நான் போகல.

போகலன்னா போகலதான். ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? மாப்பிள்ளையோட அப்பன் வரலைன்னா தாலி ஏறாதா? பேஷா ஏறும். பொண்ணோட அப்பன் பொம்முராசு இருக்காரே, பெரிய மனுசன், ரெண்டு பக்கத்துக்கும் அவரே நின்னு நடத்திக்கிடுவாரு. எனக்கு அதவிடப் பெரிய சோலி இருக்கு. திண்டுக்கல்ல இன்னைக்கு எங்க சங்கத்தோட ஆண்டு விழா. வாழை ஏற்றுமதியாளர் சங்கம். நான் செயலாளர், சொக்கராசு. ஆண்டறிக்கைய நான்தான் வாசிக்கணும். கட்டியிருக்குற பட்டு வேட்டியப் பாக்குறீங்களா? ஆண்டறிக்கை வாசிக்கிறவன் கைலி கட்டிக்கிட்டா போவான்?

ரெண்டும் எப்படி ஒரே நாள்ல வந்துச்சுன்னுதானே கேக்க வர்றீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாக. முகூர்த்தம் குறிச்சு, பத்திரிகை அடிச்சு, ஊரெல்லாம் குடுத்து முடிச்சதுக்கு அப்புறம்தான் விழாவுக்குத் தேதி போட்டது. யாரு போட்டா? தேதி போடுற அதிகாரம் செயலாளருக்குத்தான். செயலாளர் யாரு? நான்தான். எங்க தலைவர்கூட, "யோவ் சொக்கராசு, அன்னைக்கு உன் மகன் கல்யாணமுல்ல?"ன்னாரு. தலைவரே, சங்கம் வேற, சொந்தம் வேறன்னு சொல்லிட்டேன்.

அறிக்கைய ஒரு தரம் வாசிச்சுக் காட்டவா? வேணாமா? சரி, சுருக்கமாச் சொல்றேன். போன வருசத்தைவிட இந்த வருசம் எங்க சங்கத்து விளைச்சல் இருபத்திரெண்டு சதவீதம் கூடுதல். ஏற்றுமதி முப்பத்தொண்ணு சதவீதம் கூடுதல். கை தட்டுவாக பாருங்க இந்த எடத்துல. அப்புறம் நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி ஒரு வேதனையச் சொல்றேன். வாழை விளையிறதுல ஒலகத்துலயே நாமதான் சார் மொதல்ல. ஆனா கப்பல் ஏத்துறதுல? இத்துனூண்டு. ஏன்? தின்னுர்றோம் சார்! வெளஞ்சத எல்லாம் நாமளே தின்னு தொலச்சிர்றோம்! கோயிலுக்குப் போனா பழம், சோத்துக்கு மேல பழம், பிள்ளை அழுதா பழம். ஒரு நாடு இப்படித் தின்னா எங்குட்டு முன்னேறும்? இத அறிக்கையிலயே எழுதியிருக்கேன், "உள்நாட்டு நுகர்வால் ஏற்படும் இழப்பு"ன்னு தலைப்புப் போட்டு.

என் தோட்டத்துல அந்த இழப்பே கிடையாது. ஒரு பழம் வீட்டுக்குள்ள வராது. ஜி நைன் ரகம். பூ உதிர்ந்ததும் தாருக்குப் பை மாட்டிருவோம். வெயில் படக்கூடாது, எலை உரசக்கூடாது. வெட்டுறப்போ ஒருத்தன் வெட்டணும், இன்னொருத்தன் தோள்ல மெத்தைய வச்சு வாங்கணும். தரையில பட்டா தீந்துச்சு கதை. சீப்புச் சீப்பா அறுத்து, பால் வடிய விட்டு, தண்ணியில கழுவி, நடுவுல பஞ்சுத் தாளு வச்சுப் பெட்டியில அடுக்கணும். அடுக்குற பொம்பளைங்க கையில வளையல் கூடாது, நகம் கூடாது. எங்க வீட்டம்மா இந்திராணி சொல்லுவா, "பெத்த பிள்ளைய ஒரு நாளாச்சும் இப்படித் தூக்கியிருப்பீகளா?"ன்னு. அவளுக்கு என்ன தெரியும்? பிள்ளை தரையில விழுந்தா எந்திரிச்சுக்கிடும். பழம் எந்திரிக்குமா?

பச்சையாத்தான் பெட்டி கட்டுவோம். குளிர் அறை, அங்கிருந்து கண்டெய்னர், அப்படியே கப்பல். பழுக்குறதெல்லாம் துபாய்ல, வாங்குறவன் பாடு. கீறல் விழுந்தது, புள்ளி விழுந்தது, நீளம் பத்தாதது எல்லாம் கழிவு. அது லோக்கல் லாரியில ஏறிப் போயிரும். அந்தப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்.

அப்படிக் கண்ணு சார் எனக்கு. மகனுக்குப் பொண்ணு பாக்குறப்பவும் அதே கண்ணுதான். பாலகுரு நல்ல பய, கொஞ்சம் வாய் செத்தவன். அவனுக்கு எத்தனையோ எடம் வந்துச்சு. போடியில ஒரு பொண்ணு, நல்லாத்தான் இருந்துச்சு, நெத்தியில சின்னத் தழும்பு. கழிச்சுட்டேன். உத்தமபாளையத்துல ஒண்ணு, உயரம் ரெண்டு விரல்கடை கம்மி. கழிச்சுட்டேன். ஆண்டிபட்டியில ஒண்ணு, கறுப்புமில்ல செவப்புமில்ல, நிறம் சீரா இல்ல. பாலகுருவுக்கு வயசு முப்பத்திநாலு ஆயிருச்சு. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? தரம்னு ஒண்ணு வேணுமா வேணாமா?

அப்பத்தான் வேல நடந்துச்சு. லோக்கல் லாரிக்கு டிரைவர் வரலைன்னு ஒரு நாள் பாலகுருவ வண்டி எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன். நான்தான் சொன்னேன், என் வாயால. போனான், பெரியகுளத்துக்கு. அங்க பொம்முராசுன்னு ஒருத்தரு பழக்கடை வச்சிருக்காரு. நான் கழிச்சுப் போடுறத வாங்கி வித்துப் பொழைக்கிற மனுசன். அவரு மக கல்லாவுல உக்காந்திருந்துச்சாம். யோகப்ரியா. அடுத்த வாரம் டிரைவர் வந்துட்டான், இவன் "நானே போறேன்ப்பா"ங்குறான். அதுக்கடுத்த வாரமும். என்னடா இவனுக்குத் தொழில்ல திடீர்னு இம்புட்டு அக்கறைன்னு நான் சந்தோசப்பட்டேன் சார். கூறுகெட்டவன் நான். கழிவு வண்டியில போன பய பொண்ணு பாத்துட்டு வந்து நிக்கிறான்!

நான் ஒத்துக்கல. அவன் என்கூடச் சண்டை போடல. சத்தம் போடல. சோறு தின்னுட்டு, தட்டைக் கழுவி வச்சுட்டு, "அப்பா, இனிமே பொண்ணு பாக்கப் போகாதீங்க. அந்தப் புள்ளைன்னா கட்டிக்கிறேன். இல்லைன்னா இப்படியே இருந்துக்கிறேன்"னான். இந்திராணி அவன் பக்கத்துல போயி நின்னுக்கிட்டா. சரி, தொலையட்டும்னு பரிசம் போட நாள் குறிச்சோம்.

பொம்முராசு போன் போட்டாரு. "சம்பந்தி, தட்டுக்குப் பழம் நீங்க சிரமப்பட வேணாம், நம்ம கடையில நல்ல நாட்டுப்பழம் கெடக்கு, நான் எடுத்து வச்சிர்றேன்." எனக்கு எப்படி இருக்கும்? ஒலகத்துக்கே பழம் அனுப்புறவன் பரிசத்தட்டுல பெரியகுளம் பஸ் ஸ்டாண்டு பழமா? "சம்பந்தி, எங்க வீட்டுத் தட்டுல லோக்கல் ஏறாது"ன்னு சொல்லிட்டேன். "அப்பச் சரிங்க"ன்னு வச்சுட்டாரு.

இந்திராணியும் நச்சரிச்சா. "ஏங்க, நாலு சீப்பு நாட்டுப்பழம் வாங்கிக்கிடுவோம், நம்மது பழுத்து நாம பாத்ததே இல்லையே." பாத்ததில்லையா? நான் பாத்திருக்கேன்டின்னேன். சங்கத்துல துபாய் கூட்டிட்டுப் போனாகளே, அங்க ஒரு பெரிய கடையில என் தோட்டத்துப் பழம், எங்க ஸ்டிக்கரோட, தங்கமாட்டம் மஞ்சக் கலர்ல அடுக்கி வச்சிருந்தான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு சார். தின்னு பாத்தீங்களான்னு கேக்குறீங்களா? எங்க தின்ன? பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன்.

பரிசத்துக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி, குளிர் அறையிலருந்து முதல் தரமாப் பாத்துப் பெட்டி எடுத்தாந்து, வீட்டுப் பின்னால மூட்டம் போட்டேன். மூட்டம்னா ஒண்ணுமில்ல சார், ஒரு ரூமுக்குள்ள பழத்தை வச்சு, எலையப் போட்டு மூடி, சாணி ராட்டியக் கொளுத்திப் புகை விட்டு அடைச்சிர்றது. எங்க ஊர்ல சின்னப் பிள்ளை போடும். மறுநாள் தொறந்து பாக்குறேன், வச்ச மாதிரியே பச்சை. சரி, சொகுசாக் குளிருல இருந்த பழம், கொஞ்சம் மெல்லத்தான் அசையும்னு இன்னொரு நாளும் புகை விட்டேன். விடிஞ்சு பாத்தா அப்பவும் பச்சை. இந்திராணி ஒண்ண அமுக்கிப் பாத்துட்டு, "ஏங்க, உள்ள கொழகொழங்குது"ங்குறா. எக்ஸ்போர்ட் ரகம் அப்படித்தான்டி இருக்கும், ஒனக்கு என்ன தெரியும், தட்டுல எடுத்து வையின்னேன்.

அப்புறமா துபாய்க்காரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. அந்த ரகத்தைக் குளுந்த அறையில வச்சு கேஸ் விட்டாத்தான் மஞ்சக் கட்டுமாம். நம்ம ஊரு வெக்கையில உள்ள கனிஞ்சு போகும், தோலு மட்டும் பச்சையாவே நின்னுருமாம். "இத்தனை வருசமா அனுப்புறீங்க, இது தெரியாதா?"ன்னு சிரிக்கிறான். எனக்கு எதுக்குய்யா தெரியணும்? நான் என்ன பழமா விக்கிறேன்? நான் ஏற்றுமதி பண்றேன்.

அட, இந்தம்மா எறங்கணுமாம் சார், காலைக் கொஞ்சம் மடக்குங்க. பாத்துப் போங்கம்மா. எத்தனை பை! கல்யாண வீட்டுக்குப் போற மாதிரில்ல போகுது. எங்க விட்டேன்? ஆங், தட்டு.

இருபத்தொரு தட்டு சார். பட்டு, பூ, மஞ்சள் குங்குமம், இனிப்பு, நடுவுல என் பழம், ஸ்டிக்கரோட. ஸ்டிக்கரைக் கிழிக்க வேணாம்னு நான்தான் சொன்னேன். மேளம் வாசிச்சுக்கிட்டு வரிசையாப் பொண்ணு வீட்டு மண்டபத்துக்குள்ள நொழஞ்சோம். நானும் பொண்ணோட சித்தப்பாகிட்ட இந்த வருச ஏற்றுமதி நிலவரத்தை எடுத்துச் சொல்லிக்கிட்டேதான் போனேன். சபை நெறஞ்சு கெடக்கு. தட்டைப் பரப்புனாக. பொண்ணோட அத்தைக்காரி ஒருத்தி, வாய்னா வாய் அப்பேர்ப்பட்ட வாய், எட்டிப் பாத்துட்டு, "ஏத்தா, மாப்பிள்ளை வீட்டுக்காரக பஜ்ஜி போடவா வந்திருக்காக? தட்டு தட்டா வாழைக்காய்!"ங்குறா.

சபையே சிரிச்சுப்புருச்சு. நான் எந்திரிச்சு நின்னு, இது காய் இல்ல, பழம், எக்ஸ்போர்ட் ரகம், துபாய்ல இதுக்குத் தனி மரியாதைன்னு விளக்கம் சொல்லிக்கிட்டு இருக்கேன். அந்த அத்தைக்காரி, "பழமா? எங்க பாப்போம்"னு ஒரு சீப்பைத் தூக்குனா சார். சீப்புக் காம்பு மட்டும் அவ கையில நிக்குது. பழம் ஒண்ணொண்ணா கழண்டு, சொத்து சொத்துன்னு ஜமுக்காளத்துல விழுகுது. விழுந்த எடத்துலயே பிதுங்குது. தரையிலயே படாம வளத்த பழம் சார்!

அப்ப ஒரு சிரிப்புச் சிரிச்சாக பாருங்க. மேளக்காரன் சிரிச்சான். போட்டோக்காரன் சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுத்தான். என் மகன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பொம்முராசு மட்டும் சிரிக்கல. சிரிச்சாக்கூடப் பரவாயில்ல. யாருகிட்டயோ கண்ணக் காட்டுனாரு, அஞ்சே நிமிசத்துல கடையிலருந்து நாட்டுப்பழம் வந்துருச்சு. எல்லாத் தட்டுலயும் வச்சு, என் பழத்தை எடுத்து ஓரமா ஒதுக்கிட்டாக. என்னை அவமானப்படுத்தணும்னே முன்கூட்டியே தயாரா வச்சிருந்திருக்காரு பாத்துக்கோங்க. எப்பேர்ப்பட்ட சூது!

அதவிடப் பெரிய கூத்து அந்தப் புள்ள பண்ணுனது. யோகப்ரியா. மணையில உக்காந்திருந்தது எந்திரிச்சு வருது. குனிஞ்சு, கீழ விழுந்ததுல ஒண்ண எடுத்துச்சு. எல்லாரும் பாக்குறாக. உரிச்சுச்சு. தின்னுச்சு. என் மூஞ்சிய நேராப் பாத்து, "மாமா, இனிப்பா இருக்கு"ங்குது. நக்கல் சார்! அத்தனை பேரு முன்னாடி மாமனாரைப் பாத்து நக்கல்! சபை கப்புனு அடங்கிருச்சு. அந்த அத்தைக்காரிகூட வாயை மூடிக்கிட்டா. என்னா அழுத்தம் பாருங்க அந்தப் புள்ளைக்கு. முழுப் பழத்தையும் தின்னு முடிச்சுட்டு, தோலைக் கீழ போடாம, பட்டுச்சேலையோட கையிலயே வச்சுக்கிட்டு நிக்குது. நான் விறுவிறுன்னு வெளிய வந்து கார்ல உக்காந்துக்கிட்டேன்.

இந்திராணி சொல்றா, அந்தப் புள்ள என் மானத்தைக் காப்பாத்துச்சாம். எப்படி சார்? நீங்களே சொல்லுங்க. பஞ்சுல வச்சு அனுப்புற பழம், கீழ விழுந்து பிதுங்குனதத் தின்னா மானம் காப்பாத்துறதா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அது சொல்றப்போ மூஞ்சியில சிரிப்பு இல்லதான். அது உண்மைதான். கண்ணு லேசா கலங்கி இருந்துச்சு. வெங்காயம் உரிச்சிருக்கும்.

அன்னைலருந்து அந்தப் புள்ளைகிட்ட நான் பேசுனதில்ல. அது போன் போடும். தீபாவளிக்குப் போட்டுச்சு. எனக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டுப் போட்டுச்சு. "மாமா சாப்பிட்டாரா?"ன்னு இந்திராணிகிட்ட கேக்கும். நான் பக்கத்துல உக்காந்து டிவி பாத்துக்கிட்டு இருப்பேன். சத்தத்தைக் கொறச்சு வச்சுக்கிடுவேன். எதுக்குன்னா, என்ன பேசுறாகன்னு தெரியணும்ல?

கடைசியா ஒரு வாய்ப்புக் குடுத்தேன் சார். கல்யாணப் பந்தியில எலைக்கு எலை என் பழம்தான் வைக்கணும்னு சொல்லி அனுப்புனேன். இந்தத் தடவ கேஸ் விட்டு, முறையா மஞ்சளாக்கிக் குடுக்குறேன்னேன். பொம்முராசு என்ன சொன்னாரு தெரியுமா? "சம்பந்தி, பந்திப் பழத்துக்குச் சொல்லி மாசக் கணக்காச்சு. நீங்க வெறுங்கைய வீசிக்கிட்டு வாங்க, அது போதும்." வெறுங்கை! வெறுங்கையோட போறவனா நான்? அன்னைக்குத்தான் விழாத் தேதியப் போட்டேன். பாலகுரு வந்து என் முன்னாடி நின்னான். "அப்பா, வந்துருங்கப்பா"ன்னான். அவ்வளவுதான். அவன் எப்பவும் நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டான். பாப்போம்னு சொன்னேன். வர மாட்டேன்னு சொல்லல, பாருங்க. பாப்போம்னுதான் சொன்னேன்.

ஒங்ககிட்ட சொல்றதுக்கு என்ன சார், யாரு நீங்க, யாரு நான். பெரியகுளம் வந்ததும் சும்மா எறங்கி, மண்டபத்து வாசல்ல நின்னு, பந்தியில என்ன பழம் போடுறாகன்னு மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு வரலாமான்னு ஒரு யோசனை. ஒரு தொழில் நோக்கத்தோடதான். உள்ள போக மாட்டேன். வாசல்ல நிக்கிறவன அந்தப் புள்ள பாத்துட்டு, வாங்க மாமான்னு கூப்பிட்டுச்சுன்னா, அது வேற விசயம். கூப்பிட்டவக மொகத்துல அடிக்கவா முடியும்? விழா சாயங்காலம்தான். ஆண்டறிக்கை எங்க ஓடிப்போகுது?

என்ன சொல்றான்? தேவதானப்பட்டியா? எந்தத் தேவதானப்பட்டி? சார், பெரியகுளம் தாண்டித்தானே தேவதானப்பட்டி வரும்? பெரியகுளம் எப்ப வந்துச்சு? பையத் தூக்கிக்கிட்டு அந்தம்மா எறங்குச்சே, அதுவா? பஸ் ஸ்டாண்டுக்குள்ள போயி நின்னுச்சா? நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சார்? திண்டுக்கல்னு சொன்னேன்தான். ஒரு மனுசன் திண்டுக்கல்னு சொன்னா திண்டுக்கல்தானா? பட்டு வேட்டி கட்டியிருக்கேனே, கண்ணு தெரியல?

கண்டக்டர்! நிப்பாட்டுங்கய்யா! எதுத்தாப்புல வண்டி எப்ப வரும்? அரை மணி நேரமா? மணி என்ன சார்? பத்து இருபதா? பத்தரையோட முகூர்த்தம் முடியுது சார். எறங்கி? எறங்கி என்னத்த பண்ண?

இருங்க, இந்திராணிக்குப் போடுறேன். அடிக்குது. எடுக்க மாட்டேங்குறா. எடுத்துட்டா, எடுத்துட்டா. ஏய் இந்திராணி, நான்தான். தேவதானப்பட்டியில இருக்கேன். இல்லடி, திண்டுக்கல் போகல, பெரியகுளத்துலதான் எறங்க இருந்தேன், பேச்சு வாக்குல விட்டுட்டேன். ஒரு அரை மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லு. ஐயர்கிட்ட சொல்லு. பாலகுருகிட்ட குடு. அந்தப் புள்ளைகிட்ட குடு, நான் சொல்றேன். கேக்குதா? மாமா வந்துக்கிட்டு இருக்காருன்னு சொல்லுடி. இந்திராணி?

பேச மாட்டேங்குறா சார். போனைத் தூக்கிப் பிடிச்சிருக்கா போல.

கொஞ்சம் பேசாம இருங்க சார். கெட்டிமேளம் கேக்குது.